சுண்டு விரலும் பூகம்பமும்

1755-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் போர்ச்சுகல் தேசத்தின் தலைநகரமாகிய லிஸ்பனைப் பூகம்பம் தரைமட்டமாக்கியது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஒழுக்கத் தத்துவம் போதித்து வந்த ஆடம் ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துப் பேராசிரியர், அறவுணர்ச்சிகளைப் பற்றி எழுதிய தம் முதல் நூலில் ஒரு விபரீதமான கேள்வியை எழுப்பினார். சீன தேசம் முழுவதும் அதன் கோடிக்கணக்கான ஜனங்களோடு திடீரென்று பூமிக்குள் அமிழ்ந்துவிட்டது என்ற செய்தி, ஐரோப்பாவில் வாழும் நல்ல மனிதன் ஒருவனுக்கு எட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவன் வருந்துவான், மனித வாழ்வின் நிலையாமையைக் குறித்து உருக்கமாக நாலு வார்த்தை பேசுவான், இந்த நாசத்தால் வர்த்தகத்துக்கு என்ன நேருமோ என்றும் யோசிப்பான், பிறகு வழக்கம்போல் தன் காரியங்களைக் கவனித்துவிட்டு நிம்மதியாக உறங்கப் போவான். ஆனால் மறுநாள் தன் சுண்டு விரல் போகப்போகிறது என்று தெரிந்தாலோ, அன்று இரவு முழுவதும் அவன் கண் மூடமாட்டான்.

இந்த இடத்தோடு புத்தகத்தை மூடிவிட்டு, மனிதன் சுபாவத்திலேயே தன்னலம் உடையவன் என்று ஸ்மித் தீர்ப்புச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறவர்கள் பலர். அவர் அங்கே நிற்கவில்லை. அந்தச் சுண்டு விரலைக் காப்பாற்றிக்கொள்வதற்காக, தான் என்றுமே கண்டிராத அத்தனை கோடி மனிதர்களைப் பலி கொடுக்க அதே மனிதன் சம்மதிப்பானா என்று அடுத்துக் கேட்டார்; அந்த எண்ணமே மனித சுபாவத்துக்குச் சகிக்காது என்று பதிலும் சொன்னார். பிறருடைய துன்பம் நம் உறக்கத்தைக் கூடக் கெடுக்காத அளவுக்கு அற்பமாகத் தோன்றுகிறபோது, அதே பிறருக்காக நம் விரலை இழக்கவும் நம்மைத் துணியவைப்பது எது? ஜீவகாருண்யம் என்று சொல்லி அவர் நழுவிவிடவில்லை. அது அவ்வளவு வலிமையுள்ளதல்ல என்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொருவருடைய நெஞ்சுக்குள்ளும் பட்சபாதமற்ற சாட்சி ஒன்று குடியிருந்து, நாம் பெருங்கூட்டத்தில் ஒருவரே அல்லாமல் எவரினும் மேலானவர் அல்லர் என்று நமக்கு எடுத்துக்காட்டுகிறது என்றும், தன்னலத்தின் உரத்த குரலை அடக்கும் வல்லமை அந்தச் சாட்சி ஒன்றுக்கே உண்டு என்றும் அவர் கருதினார்.

அந்த முதல் நூல் வெளிவந்து பதினேழு ஆண்டுகள் கழிந்து, 1776 மார்ச் மாதத்தில், கர்க்கால்டி என்ற சிறு துறைமுக ஊரில் தம் தாயாரோடு வாழ்ந்துகொண்டு பல வருஷங்கள் உழைத்து எழுதிய ‘நாடுகளின் செல்வம்’ என்ற நூலை ஸ்மித் வெளியிட்டார். இறைச்சிக் கடைக்காரரும் ரொட்டிக் கடைக்காரரும் நம்மேல் வைத்த கருணையினால் அல்ல, தத்தம் நலத்தைக் கருதுவதனாலேயே நமக்கு உணவு கிடைக்கிறது என்று அதில் வரும் கருத்தை, பொருளாதாரம் படிக்கத் தொடங்கும் மாணவர்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுகிறார்கள். சாட்சியைப் பற்றி எழுதிய மனிதரும் கடைக்காரரின் தன்னலத்தைப் பற்றி எழுதிய மனிதரும் எப்படி ஒருவராக இருக்க முடியும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் அறிஞர்கள் குழம்பி, அந்தக் குழப்பத்துக்கு ஸ்மித்தின் பெயரையே சூட்டி ஒரு பிரச்னையாகவும் ஆக்கிவிட்டார்கள். எனக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை. அந்த இறைச்சிக் கடை எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும். அது நம் தெருவில் இருக்கிறது. கடைக்காரர் கெட்டுப்போன இறைச்சியை விற்றால் மறுநாள் அதே வாடிக்கைக்காரரின் முகத்தில் விழிக்கவேண்டும். அவருடைய நஷ்டமும் அவமானமும் அவர் வீட்டு வாசலுக்கே வந்து சேரும். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் தம் நலத்தைத் தேடுவதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அதில் ஒரு கௌரவம்கூட இருக்கிறது. ஏனென்றால் வாங்குகிறவர் யாசகராக அன்றி, சமமானவராக அந்தக் கடை வாசலில் வந்து நிற்கிறார்.

தன்னலத்தின் தார்மிக மதிப்பைப் பற்றி நான் சொல்ல விரும்புவது இதுதான். தன் நலம் நாடுவது தன்னளவில் பாவமும் ஆகாது, புண்ணியமும் ஆகாது. லாபத்தை எடுத்துக்கொள்கிறவரே நஷ்டத்தையும் சுமக்கிறாரா, அவருடைய செய்கையால் பாதிக்கப்படுகிறவர் அவர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறாரா என்ற இரண்டையும் பொறுத்தே அது நன்மையாகவோ நாசமாகவோ முடிகிறது. இன்றைய முதலாளித்துவத்தின் பெரிய பிழை, மனிதர்களுடைய பேராசை முன்னைவிட வளர்ந்துவிட்டதில் இல்லை. பேராசை எக்காலத்திலும் இருந்தது. லாபத்தையும் பொறுப்பையும் வெகு சாமர்த்தியமாகப் பிரித்து வைத்துவிட்டு, அந்தப் பிரிவினைக்கு மேல் ஸ்மித்தின் பெயரை எழுதி வைத்துக்கொண்டதில்தான் இருக்கிறது.

ஸ்மித்தின் இரண்டாவது நூலிலும் ஒரு பூகம்பம் வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியைப் பற்றி விவாதிக்கும் இடத்தில், அதன் உத்தியோகஸ்தர்கள் ஒவ்வொருவரும் எவ்வளவு சீக்கிரம் பணம் சேர்த்துக்கொண்டு இந்தியாவை விட்டுப் போகலாம் என்றே பார்த்திருப்பவர்கள் என்றும், சேர்த்த செல்வத்தோடு கப்பல் ஏறிய மறுநாள் அந்தத் தேசம் முழுவதையும் ஒரு பூகம்பம் விழுங்கிவிட்டாலும் அவர்களுக்கு நஷ்டம் ஏதும் இல்லை என்றும் அவர் எழுதினார். முதல் நூலில் சீனத்தைப் பற்றிய செய்தி கேட்டு உறங்கப்போன மனிதன் அந்த நாசத்துக்குக் காரணமானவன் அல்லன். தன் விரலுக்காக அதை உண்டாக்கவும் மாட்டான். இரண்டாவது நூலில் வரும் மனிதன், தான் விட்டுப்போகிற தேசத்திலிருந்தே தன் செல்வத்தைத் திரட்டியவன். ஆனாலும் அந்த உத்தியோகஸ்தர்களின் சுபாவத்தைத் தாம் பழிக்கவில்லை என்றும், அவர்களை நிறுத்தி வைத்த நிலைமையையே பழிப்பதாகவும் ஸ்மித் கூடவே சொல்லிவைத்தார். அந்தப் பெருந்தன்மையான குறிப்பை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். நல்லவர்களையும் நாசகாரர்களாக்கும் நிலைமை ஒன்று உண்டு என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

அந்த நூல் வெளியான அதே ஆண்டில், அந்த நிலைமை என்ன செய்யும் என்பதைச் சென்னைப்பட்டணம் பிரத்தியட்சமாகக் கண்டது. ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜா, கம்பெனிப் படைகளின் செலவுக்காகக் கம்பெனிக்குச் செலுத்த வேண்டிய பணத்தைக் கம்பெனியின் உத்தியோகஸ்தர்களிடமே தனிப்பட்ட முறையில் கடுவட்டிக்குக் கடன் வாங்கி, அதற்கு ஈடாக ஜில்லாக்களின் வரி வசூலை எழுதிக் கொடுத்து வந்தார். கடன் கொடுத்தவர்களில் தலைசிறந்தவர் பால் பென்ஃபீல்டு. கோட்டை கொத்தளங்களைக் கட்டும் வேலைக்கென்று வந்து, குத்தகைகள் எடுத்து, பிறகு லேவாதேவியில் இறங்கியவர் அவர். 1773-இல் நவாபின் வசமாகியிருந்த தஞ்சாவூர் ராஜ்யத்தை, 1776-இல் கவர்னர் பிகட் பிரபு நேரில் சென்று துளஜா மகாராஜாவிடம் திருப்பிக் கொடுத்தபோது, அந்த ராஜ்யத்தின் வருமானத்தின் மேலும், வயலில் நின்ற பயிரின் மேலும் தமக்கு 2,30,000 பவுனுக்குக் குறையாத பாத்தியதை உண்டென்று பென்ஃபீல்டு மனுப்போட்டார்.

வருஷத்துக்குச் சில நூறு பவுனே சம்பளம் வாங்கும் ஓர் உத்தியோகஸ்தருக்கு, காவிரிப் பாசனத்தில் விளைந்து அரிவாளுக்குக் காத்து நின்ற நெல் சொந்தம் என்று சொல்லப்பட்டது. நாற்று நட்டவருக்கும் நீர் பாய்ச்சியவருக்கும் அந்தக் கடன் பத்திரத்தோடு எவ்வித சம்பந்தமும் இல்லை. அவர்கள் அதைக் கண்டதுமில்லை. பிகட் அந்தப் பாத்தியதையை ஏற்க மறுத்தார். கவுன்சில் அங்கத்தினர்களில் பெரும்பான்மையோர் பென்ஃபீல்டின் பக்கம் சாய்ந்தார்கள். தகராறு முற்றி, 1776 ஆகஸ்டு 24-ஆம் தேதி, கோட்டையின் கவர்னரையே அவருடைய கவுன்சிலர்கள் கைது செய்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு மே மாதத்தில், காவலில் இருந்தபடியே அவர் இறந்துபோனார். நவாபின் கடன்களை விசாரணையின்றிக் கர்நாடக வருமானத்திலிருந்து தீர்க்க மந்திரிசபை முடிவு செய்ததைக் கண்டித்து, 1785 பிப்ரவரியில் எட்மண்டு பர்க் பார்லிமெண்டில் ஆற்றிய நீண்ட பிரசங்கம் பிரசித்தமானது. அதனால் பலன் ஒன்றும் விளையவில்லை. பின்னால் வந்த நவாபுக் கடன்களை விசாரிக்க நியமித்த கமிஷன் பல ஆண்டுகள் உட்கார்ந்து பரிசீலித்தபோது, அதன்முன் வந்த கோரிக்கைகளில் பத்தில் ஒரு பங்குகூட நியாயமானதென்று தேறவில்லை.

நவீன முதலாளித்துவத்தின் மிகப் பெரிய வீழ்ச்சி ஒன்றின் கதையையும் இந்தக் கதையின் பக்கத்திலேயே வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட்டில் பத்திரங்களை வெளியிட்டும் விற்றும் வந்த பெரிய முதலீட்டு ஸ்தாபனங்கள் நெடுங்காலம் கூட்டாளிகளின் சொந்தச் சொத்தாகவே இருந்தன. ஸ்தாபனம் கடன்பட்டால் கூட்டாளியின் வீடும் நிலமும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் போட்ட முதலை ஓய்வு பெறும்வரை எளிதில் வெளியே எடுக்கவும் முடியாது. ஆகையால் பக்கத்து அறையில் ஒரு கூட்டாளி என்ன செய்கிறார் என்பதைப் பற்றி மற்றக் கூட்டாளிகளுக்குத் தூக்கம் கெடும் அளவுக்குக் கவலை இருந்தது. சுண்டு விரல் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது என்றே சொல்லலாம். 1970-இல் நியூயார்க் பங்குச் சந்தை தன் விதியை மாற்றி, பொதுஜனங்களுக்குப் பங்கு விற்ற கம்பெனிகளும் அங்கத்தினராகலாம் என்று அனுமதித்தது. அதன்பின் சாலமன் பிரதர்ஸ் 1981-இலும், பேர் ஸ்டேர்ன்ஸ் 1985-இலும், மார்கன் ஸ்டான்லி 1986-இலும், கடைசியாக கோல்ட்மன் சாக்ஸ் 1999-இலும் கூட்டாளித்தனத்தைக் கைவிட்டன. லேமன் பிரதர்ஸின் கூட்டாளிகள் 1984-இல் தங்கள் ஸ்தாபனத்தை விற்றார்கள். அதுமுதல் பந்தயம் கட்டியது பிறருடைய பணம்.

அதே 1970-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் தேதி, மில்டன் ஃபிரீட்மன் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் வாரப் பதிப்பில் எழுதிய பிரபலமான கட்டுரை வெளிவந்தது. லாபத்தைப் பெருக்குவது ஒன்றே வியாபாரத்தின் சமூகக் கடமை என்பது அதன் சாரம். அவருக்கு அநியாயம் செய்யக்கூடாது: ஆட்டத்தின் விதிகளுக்கு உட்பட்டு, வஞ்சகமும் மோசடியும் இன்றி என்ற நிபந்தனையையும் அவர் சேர்த்தே எழுதினார். ஆனால் நிபந்தனை காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது. வாக்கியத்தின் முன்பாதி மட்டும் வியாபாரப் பள்ளிகளிலும் நிர்வாக சபைகளிலும் வேதவாக்காக நிலைத்தது. விதிகளை வகுக்கும் சபைகளுக்குச் சென்று தமக்கு வேண்டிய விதியைக் கேட்டு வாங்கக்கூடிய வல்லமை படைத்த ஒருவர், விதிக்கு உட்பட்டே ஆடினேன் என்று சொல்வதில் என்ன நியாயம் எஞ்சியிருக்கிறது என்ற கேள்விக்கும் அந்தக் கட்டுரையில் திருப்தியான பதில் இல்லை.

2005, 2006-ஆம் ஆண்டுகளில் கலிபோர்னியாவிலோ ஃபிளாரிடாவிலோ ஒரு சாதாரணக் குடும்பம் வீட்டுக் கடன் வாங்கியதைச் சற்றுக் கிட்ட இருந்து பார்ப்போம். மேஜைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்திருப்பவர் தரகர். அவர் பாங்கைச் சேர்ந்தவரல்லர். வாங்குகிறவருக்கு உண்மையில் கிடைக்கக்கூடிய வட்டியைவிட அதிகமான வட்டியில் அவர் கையெழுத்து வாங்கிவிட்டால், கடன் கொடுக்கும் கம்பெனி தரகருக்கு அதிகப்படியான கமிஷன் கொடுக்கும். கடனோ முப்பது வருஷத்துக்கு. முதல் இரண்டு வருஷம் வட்டி குறைவு, அடுத்த இருபத்தெட்டு வருஷமும் சந்தையோடு சேர்ந்து ஏறும். வருமானம் எவ்வளவு என்ற இடத்தில் சொன்னதை எழுதிக்கொண்டால் போதும், ரசீது கேட்பதில்லை. கையெழுத்தான சில வாரங்களில் கடன் கொடுத்த கம்பெனி அந்தப் பத்திரத்தை வால் ஸ்ட்ரீட்டுக்கு விற்றுவிடும். அங்கே ஆயிரக்கணக்கான பத்திரங்களை ஒன்றாகக் கட்டி, அடுக்குகளாகப் பிரித்து, மேல் அடுக்குகளுக்கு மிக உயர்ந்த தரச் சான்று வாங்குவார்கள். சான்று கொடுக்கும் ஸ்தாபனத்துக்குக் கூலி கொடுப்பவர் அதை விற்கப்போகிறவர்தான். இப்படிப்பட்ட பத்திரங்களை ஜெர்மனியின் டுஸ்ஸல்டார்ஃப் நகரத்து பாங்கு ஒன்று, அந்தக் குடும்பத்தையோ அதன் வீட்டையோ ஒருநாளும் காணாமல் வாங்கிக் குவித்து, 2007-இல் முழுகும் நிலைக்கு வந்து, கைதூக்கிவிடப்பட வேண்டியதாயிற்று.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியை எடுத்துக்கொண்டாலும், அங்கே இருந்தவர் தம் நலத்தை அறிவோடும் முயற்சியோடும் நாடியே வந்திருக்கிறார். கமிஷன் கையெழுத்தன்று கிடைக்கும். போனஸ் ஆண்டு முடிவில் கிடைக்கும். கடன் கெட்டுப்போவதோ மூன்றாம் வருஷம், நாலாம் வருஷம். அக்காலத்தில் வால் ஸ்ட்ரீட் உத்தியோகஸ்தர்களிடையே, விவகாரம் வெடிக்கும்போது நானும் இங்கே இருக்கப்போவதில்லை, நீயும் இருக்கப்போவதில்லை என்று பொருள்படும் ஒரு சுருக்கெழுத்துச் சொல் புழங்கியதாக, நெருக்கடியை விசாரித்த அமெரிக்கக் கமிஷன் 2011-இல் பதிவு செய்திருக்கிறது. ஸ்மித் சொன்ன கப்பல் ஏறிய உத்தியோகஸ்தருக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான்: இவர்கள் தேசத்தை விட்டுப் போகவேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை.

2008 செப்டம்பர் 15-ஆம் தேதி லேமன் பிரதர்ஸ் திவாலானது. அதற்கு மறுநாள், இந்தப் பத்திரங்களுக்கு இன்ஷூரன்ஸ் போன்ற உத்தரவாதம் கொடுத்து முழுகிக்கொண்டிருந்த ஏ.ஐ.ஜி. கம்பெனியைக் காப்பாற்ற 8,500 கோடி டாலர் கடன் வழங்க அமெரிக்க மத்திய வங்கி சம்மதித்தது. அரசாங்கம் கொடுத்த பணம் பிற்காலத்தில் திரும்பி வந்தது என்பது உண்மையே. ஆனால் நஷ்டத்துக்குக் காரணமான பிரிவின் ஊழியர்களுக்கு 2009 மார்ச்சில் 16½ கோடி டாலர் போனஸ் வழங்கப்பட்டபோது, ஒப்பந்தப்படி கொடுத்தே தீரவேண்டும் என்ற காரணம் சொல்லப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்காவில் வேலையில்லாதோர் நூற்றுக்குப் பத்துப் பேராக உயர்ந்தார்கள். அவர்களுக்கு அப்படி எந்த ஒப்பந்தமும் இருக்கவில்லை.

பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் மத்திய வங்கிக்குத் தலைமை வகித்த ஆலன் கிரீன்ஸ்பன், 2008 அக்டோபர் 23-ஆம் தேதி அமெரிக்கக் காங்கிரஸின் ஒரு கமிட்டியின் முன் சாட்சி சொன்னார். இளமையில் அய்ன் ராண்டின் சீடர் குழாத்தில் இருந்தவர் அவர். தன்னலமே அறம் என்று போதித்த அந்த அம்மையார், 1974-இல் அவர் அரசாங்க உத்தியோகம் ஏற்றபோது கூடவே வந்து நின்றார். பாங்குகள் தங்கள் சுயநலத்தை முன்னிட்டே தங்கள் பங்குதாரர்களின் முதலைப் பாதுகாத்துக்கொள்ளும் என்று நம்பியது தம் தவறு என்று அவர் அந்தக் கமிட்டியில் ஒப்புக்கொண்டார். பகிரங்கமாக அப்படிச் சொல்லத் துணிவு வேண்டும். அதற்காக அவரை மதிக்கிறேன். ஆயினும், பாங்குக்கு உறக்கம் கிடையாது, விரலும் கிடையாது என்பதை அவ்வளவு கற்றறிந்த மனிதர் நாற்பது ஆண்டுகள் எப்படி யோசியாமல் இருந்தார் என்பது என்னை இன்றும் திகைக்க வைக்கிறது. நலம் நாடுகிறவர்கள் பாங்குக்குள் இருக்கும் மனிதர்கள். அவர்களுடைய நலமும் பாங்கின் நலமும் என்றைக்கோ பிரிந்துவிட்டன.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. லேமன் தலைவர் ரிச்சர்டு ஃபல்டும் அவருடைய சகாக்களும் சொந்தக் கம்பெனியின் பங்குகளைப் பெருமளவில் வைத்திருந்தார்களே, அவை மண்ணோடு மண்ணானபோது அவர்களும்தானே இழந்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஹார்வர்டு சட்டப் பள்ளி ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டுப் பார்த்ததில், லேமனின் ஐந்து தலைமை அதிகாரிகள் 2000 முதல் 2008 வரை போனஸாகவும் பங்குகளை விற்றும் வெளியே எடுத்துக்கொண்ட ரொக்கம் சுமார் 100 கோடி டாலர் என்றும், பேர் ஸ்டேர்ன்ஸில் அந்தத் தொகை சுமார் 140 கோடி டாலர் என்றும் தெரியவந்தது. பழைய கூட்டாளிக்கு நஷ்டம் என்றால் குடியிருந்த வீடும் அதில் அடக்கம். இவர்களுக்கு நஷ்டம் என்பது குவியலில் மேலே இருந்த பகுதி சரிந்தது.

பழைய கூட்டாளித்தனத்தை ஒரு பொற்காலமாக்கிக் காட்டுவதும் என் நோக்கமன்று. லேமன் சகோதரர்கள் பவேரியாவிலிருந்து வந்து, 1850 அளவில் அமெரிக்காவின் தெற்கே அலபாமா ராஜ்யத்து மாண்ட்கமரி நகரில் நடத்தியது பருத்தி வியாபாரம். சரக்குக்குப் பணத்துக்குப் பதிலாகப் பருத்தியையே வாங்கிக்கொண்டு வளர்ந்த ஸ்தாபனம் அது. அந்தப் பருத்தியை விளைவித்துப் பறித்தவர்கள் அடிமைகள். சகோதரர்கள் தங்கள் சொந்த முதலைத்தான் போட்டார்கள், நஷ்டம் வந்தால் தாங்களே சுமந்திருப்பார்கள். எனினும் பருத்தி பறித்த கைகளின் துன்பம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் நஷ்டமாக ஏறவில்லை. லாப நஷ்டத்தைச் சரியாகப் பிணைத்து வைப்பதோடு அறம் நிறைவேறிவிடாது என்பதற்கு இதைவிட வேறு திருஷ்டாந்தம் வேண்டாம். அந்தப் பிணைப்பு தெருக்கடைக்காரரைத் திருத்தும். எதிரே இருப்பவரை மனிதராகவே எண்ண மறுக்கும் ஒரு சமூகத்தை அது திருத்தாது. அங்கே ஸ்மித்தின் சாட்சிதான் விழித்தெழ வேண்டும். தம் அறநூலுக்குத் தாம் மறைந்த 1790-ஆம் ஆண்டில் வெளியிட்ட கடைசித் திருத்தப் பதிப்பில், செல்வரை வியந்து ஏழையை அலட்சியம் செய்யும் மனப்பான்மையே நம் அறவுணர்ச்சிகளைக் கெடுக்கும் மிகப் பெரிய காரணம் என்று ஸ்மித் ஒரு தனி அத்தியாயமே சேர்த்தார். அந்திம காலத்தில் அந்தக் கிழவரை வருத்திய கவலை அது.

ஆனால் சட்டத்தால் சாட்சியை உண்டாக்க முடியாது. பிணைப்பை உண்டாக்க முடியும். 2010 ஜூலையில் நிறைவேறிய அமெரிக்க நிதிச் சீர்திருத்தச் சட்டம், கடன்களைக் கட்டிப் பத்திரமாக விற்கிறவர் அவற்றின் ஆபத்தில் குறைந்தது 5 சதவீதத்தைத் தம் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று விதித்தது. சுண்டு விரல் அளவுக்குத்தான்; ஆயினும் இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒருவருடைய விரல் ஆபத்தில் வைக்கப்பட்டது. நல்ல தரமான வீட்டுக் கடன்களுக்கு மட்டும் விலக்கு உண்டு என்று சட்டம் சொல்லியிருந்தது. அந்தத் தரத்துக்கு, வாங்குகிறவர் ஐந்தில் ஒரு பங்கு முன்பணம் கட்டியிருக்க வேண்டும் என்று 2011-இல் யோசனை வந்தபோது, பாங்குகளும் வீடு கட்டும் கம்பெனிகளும் மட்டுமன்றி ஏழைகளுக்காகப் பேசுகிறவர்களும் எதிர்த்தார்கள். முன்பணம் சேர்க்க முடியாத குடும்பங்கள் என்றைக்குமே சொந்த வீடு காணமாட்டா என்ற அவர்களுடைய அச்சம் பொய்யானதல்ல. 2014 அக்டோபரில் விதி இறுதி வடிவம் பெற்றபோது முன்பண நிபந்தனை கைவிடப்பட்டது. தரத்தின் எல்லையும் விரிந்து, வீட்டுக் கடன்களில் மிகப் பெரும்பகுதி 5 சதவீத விதிக்கு வெளியே போய்விட்டது. நெருக்கடியைப் பிறப்பித்த அதே இடத்துக்குத்தான் இந்த விலக்கு.

முன்பண நிபந்தனையை நீக்கியது சரியே. ஆனால் விற்கிறவர் தம் பங்கை வைத்திருப்பதற்கு, வாங்குகிறவர் ஒரு காசும் முன்பணம் கட்டவேண்டியதில்லை. ஒன்றை நீக்கியதற்காக மற்றொன்றையும் நீக்கியதற்கு நியாயம் எதுவும் இல்லை. எண்ணி அடைக்கக்கூடியது என்று தெரிந்து கொடுத்த கடனாக இருந்தால், அதில் இருபதில் ஒரு பங்கை முப்பது வருஷமும் தம் பெயரிலேயே வைத்திருக்க விற்கிறவருக்கு என்ன தயக்கம்?